வலிப்பு நின்ற பின்: தென்னிந்திய வலிப்பு அறுவை சிகிச்சையும் மறந்துபோன மறுபாதியும்

கிருஷ்ணகிரி மாவட்டத்து வட்டத் தலைமையிடங்களுள் ஒன்றான போச்சம்பள்ளி, ஞாயிறுதோறும் கூடும் பெரிய சந்தையாலும் சுற்றிலுமுள்ள மாந்தோப்புகளாலும், அண்மைக் காலத்தில் சிப்காட் தொழிற்பேட்டையாலும் அறியப்படும் ஊர். நரம்பியல் மருத்துவத்தின் வரலாற்று நூல்களில் இவ்வூரின் பெயர் இடம்பெறுவதில்லை. ஆயினும் இந்தியாவில் மூளை அறுவை மருத்துவம் தோன்றி வளர்ந்த நகரங்களான வேலூர் இதற்கு வடகிழக்கிலும், பெங்களூரு வடமேற்கிலும், சென்னை கிழக்கிலும் அமைந்திருப்பதால், மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு மருத்துவம் தேடி இப்பகுதி மக்கள் எந்தத் திசையில் சென்றாலும் அவ்வரலாற்றின் ஏதோ ஒரு வாயிலையே சென்றடைந்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை அந்நகரங்களில் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது; அதன் பின்னர் வரும் மறதி, சொல் தடுமாற்றம், சோர்வு, எரிச்சல், குடும்பத்திற்குள் உறவுகள் இடம் மாறுவது ஆகிய அனைத்தும் ஊருக்குத் திரும்பிய பிறகே தலைகாட்டுகின்றன. வலிப்பு நின்றதா இல்லையா என்ற கேள்வியைச் சுற்றியே நெடுங்காலம் எழுதப்பட்டுவந்த இம்மருத்துவத்தின் வரலாற்றில், அந்த மனிதரின் நினைவும் மனநிலையும் எப்போது, எவ்வாறு இடம்பெற்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலிப்பைப் பற்றிய தமிழ்ச் சமூகத்தின் பதிவு மிகப் பழையது. கொல்லிமழவன் என்னும் சிற்றரசனின் மகளைப் பற்றியிருந்த முயலகன் என்ற நோயைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடி நீக்கினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஆடவல்லானின் காலடியில் கிடக்கும் முயலகனே அந்நோயின் உருவாகவும் கருதப்பட்டான். நோயைத் தெய்வச் செயலாகவோ பேய்க் குற்றமாகவோ காணும் வழக்கமும், வலிப்பு வந்தவர் கையில் சாவியையோ இரும்புத் துண்டையோ திணிக்கும் வழக்கமும் இன்றுவரை முற்றிலும் மறைந்துவிடவில்லை. நவீன மருத்துவத்தில் 1912ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஆல்பிரட் ஹாப்ட்மன் பீனோபார்பிட்டாலின் பயனைக் கண்டறிந்ததும், 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெரிட், புட்னம் ஆகிய இருவரும் பெனிட்டாயினை அறிமுகப்படுத்தியதும் பெரும் திருப்பங்களாக அமைந்தன. கார்டினால், எப்டாய்ன் என்ற வணிகப் பெயர்களில் இவ்விரு மருந்துகளும் தமிழகத்துச் சிற்றூர்கள்வரை சென்றடைந்தன. எனினும் வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்துகள் முழுப் பயன் தருவதில்லை. தக்கவாறு தேர்ந்தெடுத்து முறையாகக் கொடுக்கப்பட்ட இரண்டு மருந்துகளுக்கும் வலிப்பு கட்டுப்படாவிட்டால் அதனை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று மருத்துவர்கள் வரையறுக்கின்றனர்; அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

வலிப்புக்கான நவீன அறுவை சிகிச்சையின் தொடக்கம் 1886ஆம் ஆண்டு லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி செய்த அறுவைகள் என்று கொள்வது மரபு. மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. முறையை ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்ட பின்னரே, வலிப்பு மூளையின் எந்தப் பகுதியிலிருந்து கிளம்புகிறது என்பதை மண்டை ஓட்டைத் திறக்காமலே ஓரளவு ஊகிக்க முடிந்தது. கனடாவின் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு 1934இல் நிறுவிய நரம்பியல் நிறுவனம் இத்துறையின் முதன்மைப் பள்ளியாக வளர்ந்தது. நோயாளியை விழித்த நிலையில் வைத்துக்கொண்டு, மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, பேச்சுக்கும் அசைவுக்கும் உரிய இடங்களைத் தெரிந்துகொண்டு, அவற்றைத் தவிர்த்து வலிப்பின் ஊற்றை மட்டும் அகற்றும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். கோட்டயத்தைச் சேர்ந்த ஜேக்கப் சாண்டி மாண்ட்ரியலில் பயின்று, 1949ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங் அவருடன் இணைந்து பணியாற்றினார். பிள்ளைப் பருவத்திலேயே உடலின் ஒரு பக்கம் செயலிழந்து வலிப்பும் தொடர்ந்த ஒருவருக்கு 1952இல் வேலூரில் சாண்டி செய்த அறுவையே இந்தியாவின் முதல் வலிப்பு அறுவை சிகிச்சையாகக் கருதப்படுகிறது. அதற்கு முந்தைய ஆண்டில் சாண்டி, பல்தேவ் சிங், சென்னையின் பி. ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன் ஆகிய நால்வரும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவியிருந்தனர்.

வேலூரில் முதல் அறுவை நடந்ததற்கு அடுத்த ஆண்டே, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், இத்துறையின் மனசாட்சியை உலுக்கிய நிகழ்வு ஒன்று நடந்தது. ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பை நிறுத்தும் பொருட்டு, காதுகளுக்கு உட்புறமாக அமைந்த பக்கமடல்களின் உட்பகுதியை மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் 1953இல் அகற்றினார். அப்பகுதியில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும், அச்சம் முதலிய உணர்ச்சிகளில் பங்குகொள்ளும் அமிக்டலாவும் உள்ளன. வலிப்பு குறைந்தது, ஆனால் அன்று தொட்டு 2008இல் இறக்கும்வரை அவரால் நாளாந்த நிகழ்ச்சிகளைப் புதிதாக நினைவில் நிறுத்த இயலவில்லை. பேச்சும் அறிவுத்திறனும் பழைய நினைவுகளில் பெரும்பகுதியும் கெடாமல் இருந்தும், சற்றுமுன் சந்தித்தவரை அவர் மீண்டும் புதியவராகவே கண்டார். ஸ்கோவிலும் மாண்ட்ரியலின் உளவியலாளர் பிரெண்டா மில்னரும் 1957இல் இதனை வெளியிட்டனர்; இரு பக்கத்தையும் அகற்றுவது இனிக் கூடாது என்பது அதன்பின் விதியாயிற்று.

ஒரு பக்கத்தை மட்டும் அகற்றினால் தீங்கில்லை என்று சொல்லவும் முடியாது என்பதைப் பென்ஃபீல்டும் மில்னரும் 1958இல் காட்டினர். இடப்பக்கத்தில் மட்டும் அறுவை செய்யப்பட்டும் நினைவை இழந்த இருவரைப் பற்றி எழுதிய அவர்கள், எஞ்சிய வலப்பக்கமும் முன்பே பழுதுபட்டிருக்க வேண்டும் என்று ஊகித்தனர். அவ்விருவருள் ஒருவர் இறந்தபின் நடந்த மூளைப் பரிசோதனை அந்த ஊகத்தை மெய்ப்பித்தது. ஆகவே ஒரு பக்கத்தைத் தற்காலிகமாக உறங்கவைத்து, மறுபக்கத்தால் மட்டும் பேசவும் நினைவில் வைக்கவும் முடிகிறதா என்று பார்க்கும் சோதனை தேவைப்பட்டது. கழுத்துத் தமனி வழியாக மயக்க மருந்தைச் செலுத்திச் செய்யப்படும் இச்சோதனை, ஜப்பானில் இதனை உருவாக்கிய ஜுன் வாடாவின் பெயரால் வாடா சோதனை என்று வழங்கி, 1950களில் மாண்ட்ரியலில் வேரூன்றியது. அறுவைக்கு முன்பே நினைவை அளந்து பார்ப்பது மருத்துவத்தின் கடமை என்ற கருத்து இவ்வாறுதான் உருப்பெற்றது.

தமிழகத்தில் இதே காலத்தில் உணர்ச்சியின் பக்கம் வேறொரு பாதையில் கவனம் பெற்றது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய ராமமூர்த்தியும், அவருடன் பணியாற்றிய வி. பாலசுப்ரமணியமும், மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு, அளவுச் சட்டகத்தின் துணையால் மூளையின் ஆழத்திலுள்ள ஒரு புள்ளியைத் துல்லியமாகச் சென்றடையும் ஸ்டீரியோடாக்டிக் முறையில் புகழ்பெற்றவர்கள். அடக்க முடியாத மூர்க்கமும் அமைதியின்மையும் கொண்டவர்களுக்கு, அவர்களுள் வலிப்பு நோயாளிகளும் பலர், அமிக்டலாவின் ஒரு பகுதியை அழிக்கும் அறுவையை 1960களிலிருந்து அவர்கள் செய்துவந்தனர். இத்தகைய நடத்தை சார்ந்த அறுவைகள் 600க்கும் மேற்பட்டவற்றின் விளைவை ராமமூர்த்தி 1988இல் தொகுத்து எழுதினார். குடும்பத்தாரால் வீட்டில் வைத்துக் காக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டவர்களை அமைதிப்படுத்துவதே அன்றைய இலக்காக இருந்தது. அந்த அமைதிக்குப் பின் அந்த மனிதர் தம்முள் என்ன உணர்ந்தார் என்ற கேள்வி அக்காலக் கணக்குகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. உலகெங்கும் இத்தகைய அறுவைகள் அறநெறிக் கேள்விக்கு உள்ளாகி அருகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். வலிப்பையும் உணர்ச்சியையும் ஒரே உறுப்பின் இரு வேலைகளாகக் கண்ட இந்தச் சென்னை அனுபவம், வலிப்புக்காக அமிக்டலாவை அகற்றும்போது மனநிலையும் தொடப்படுகிறது என்பதை மறக்கவிடாத பாடமாக நிலைத்திருக்கிறது.

வேலூர், சென்னை ஆகியவற்றை அடுத்து இவ்வரலாற்றின் மூன்றாவது ஓடை பெங்களூரில் தோன்றியது. அங்கிருந்த மைசூர் அரசு மனநல மருத்துவமனைக்கு அருகில் 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டு, 1974இல் இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் உருவாயிற்று. மனநல மருத்துவமும் நரம்பியலும் நரம்பு அறுவையும் மருத்துவ உளவியலும் ஒரே வளாகத்தில் இயங்கியது அந்நிறுவனத்தின் தனிச்சிறப்பு. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்து மக்களுக்கு வலிப்பு என்றதும் நினைவுக்கு வரும் பெரிய ஆஸ்பத்திரியாக அது விளங்குவதற்கு அருகாமை மட்டுமன்றி, அங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே செல்லுபடியாவதும் காரணம். மேலைநாட்டுச் சோதனைத் தாள்கள் எழுத்தறிவையும் ஆங்கிலத்தையும் எதிர்பார்த்தவை. எழுதப் படிக்கத் தெரியாத உழவருக்கோ, வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசி வளர்ந்தவருக்கோ அவற்றால் பயனில்லை. உளவியலாளர் சி.ஆர். முகுந்தன் காலத்திலிருந்து நிம்ஹான்ஸில் நடந்த பணியின் தொடர்ச்சியாக, ஷோபினி ராவ், சுப்பகிருஷ்ணா, கோபுகுமார் ஆகியோர் 2004இல் வெளியிட்ட நிம்ஹான்ஸ் நரம்பு உளவியல் சோதனைத் தொகுதி, இந்நாட்டு மக்களின் வயது, பால், கல்வி ஆகியவற்றுக்கேற்ப எது இயல்பு, எது குறைவு என்பதற்கான அளவைகளை வகுத்தது.

அத்தொகுதியிலுள்ள ஒரு சோதனையை விரிவாகக் காண்பது பயன்தரும். உடலுறுப்பு, விலங்கு, கருவி, வீட்டுப் பொருள், வண்டி என்ற ஐந்து இனங்களைச் சேர்ந்த 15 சொற்களை உளவியலாளர் நிதானமாகப் படிக்கிறார். கேட்டவர் நினைவிலிருப்பவற்றை எந்த வரிசையிலும் சொல்லலாம். அதே பட்டியல் ஐந்து முறை படிக்கப்படுகிறது. பெரும்பாலோரிடம் முறைதோறும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். பின்னர் வேறு 15 சொற்கள் ஒருமுறை படிக்கப்பட்டு, அவை குறுக்கிட்ட பிறகு முதல் பட்டியல் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று கேட்கப்படுகிறது. 20 நிமிடம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், மீண்டும் கேட்கப்படுகிறது. இடப் பக்கமடலில் அறுவை செய்துகொண்ட ஒருவர் ஐந்தாம் முறையில் நன்றாகவே சொல்லிவிட்டு, 20 நிமிடத்திற்குப் பின் பாதிக்கும் மேல் இழந்து நிற்பதுண்டு. கேட்டதைப் புரிந்துகொள்வதில் குறையில்லை. கேட்டது தங்குவதில்தான் குறை. சந்தைக் கடையில் காலையில் பேசி முடித்த விலை மதியத்திற்குள் மறந்துபோவதற்கும், பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே அதன் பெயர் வாயில் வராமல் தவிப்பதற்கும் அடியிலுள்ள இயக்கத்தை இந்த எளிய சோதனை எண்களில் காட்டிவிடுகிறது. கவனக்குறைவு, சோம்பல், அலட்சியம் என்று வீட்டாரும் முதலாளியும் வைக்கும் பழியிலிருந்து அந்த மனிதரை விடுவிக்கும் சான்றாகவும் அது அமைகிறது.

முன்னோடிகள் ஓய்ந்தபின் இந்தியாவில் வலிப்பு அறுவை பல ஆண்டுகள் ஏறத்தாழ நின்றுபோயிருந்தது. எம்.ஆர்.ஐ. படமும், நோயாளியின் அசைவையும் மூளை மின்னலையையும் ஒருசேரப் பதியும் வீடியோ இ.இ.ஜி.யும் வந்தபின், 1995இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் குருபத் ராதாகிருஷ்ணன் தலைமையில் இது முறையான திட்டமாகத் தொடங்கியது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலும் அதே காலத்தில் இது புத்துயிர் பெற்றது. சிறுவயதுக் காய்ச்சல் வலிப்பின் பின்னர் ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பேறுவதால் வரும் பக்கமடல் வலிப்பே இம்மையங்களில் மிகுதியாக அறுவைக்கு உட்பட்டது. அறுவை மருந்தைவிடச் சிறந்ததா என்பதற்கும் ஐயமற்ற விடை கிடைத்தது: கனடாவில் 80 பேரிடம் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 விழுக்காட்டினரும், மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 8 விழுக்காட்டினரும் ஓராண்டின் முடிவில் நினைவிழக்கச் செய்யும் வலிப்பின்றி இருந்தனர், எய்ம்ஸ் மருத்துவமனையில் 116 சிறுவர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் இவ்வெண்கள் 77 ஆகவும் 7 ஆகவும் இருந்தன.

இந்த வெற்றியோடு சேர்த்தே நினைவின் கணக்கும் தெளிவடைந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான மதிப்பீடு ஒன்றின்படி, இடப் பக்கமடல் அறுவைக்குப் பின் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கும், வலப்பக்க அறுவைக்குப் பின் 20 விழுக்காட்டினருக்கும் சொல் சார்ந்த நினைவு குறைகிறது. இடப்பக்கத்தில் மூன்றில் ஒருவருக்குப் பொருள்களின் பெயரை எடுத்துச் சொல்வது கடினமாகிறது. முன்பே சுருங்கித் தழும்பேறிய ஹிப்போகாம்பஸை அகற்றும்போது இழப்பு குறைவாகவும், படத்தில் நலமாகத் தோன்றி நன்கு வேலைசெய்துகொண்டிருந்ததை அகற்றும்போது இழப்பு மிகுதியாகவும் இருக்கிறது. அதாவது அறுவைக்கு முன் நல்ல நினைவாற்றல் உடையவரே அதிகம் இழக்கக் கூடியவர். அறுவை செய்யாமல் விட்டாலும் ஆண்டுக்கணக்கில் தொடரும் வலிப்பு நினைவை அரித்துக்கொண்டே போகும் என்பதையும், வலிப்பு முற்றிலும் நின்றால் சில திறன்கள் மீளவும் கூடும் என்பதையும் ஜெர்மனியின் பான் நகரில் கிறிஸ்டோஃப் ஹெல்ம்ஸ்டேட்டர் குழுவினர் 2003இல் காட்டினர். எனவே நினைவிழப்பு அறுவையை மறுக்கக் காரணமாகாது; அறுவைக்கு முன் ஒளிவின்றிச் சொல்லி, பின்னர் கூடவே நின்று தாங்க வேண்டிய ஒன்று அது.

உணர்ச்சியின் கணக்கு இன்னும் தாமதமாக வந்தது. அறுவைக்குப் பின் முதல் ஓராண்டுக்குள் மனச்சோர்வு, பதற்றம், காரணமின்றிப் பொங்கும் அழுகை அல்லது கோபம் ஆகியவை பலருக்கு ஏற்படுகின்றன. முன்பே மனச்சோர்வு இருந்தவர்களுக்கு இவ்வாய்ப்பு கூடுதல். வலிப்பு நிற்காமல் ஏமாந்தவர்கள் மட்டும் சோர்வதில்லை, வலிப்பு நின்றவர்களும் சோர்கிறார்கள் என்பதுதான் வியப்பானது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பீட்டர் பிளேடின், சாரா வில்சன் ஆகியோர் நோயாளிகளைப் பல மாதங்கள் தொடர்ந்து சந்தித்து இதன் காரணத்தை விளக்கினர். சிறுவயது முதல் நோயாளி என்ற நிலையிலேயே வளர்ந்தவர் ஒரே நாளில் நலமானவராகிவிடும்போது, இனி வேலைக்குப் போக வேண்டும், திருமணம் செய்ய வேண்டும், தனியே வாழ வேண்டும் என்ற எதிர்பார்ப்புகள் ஒன்றாக வந்து அழுத்துகின்றன. இழந்த பள்ளிப் பருவமும் வாய்ப்புகளும் அப்போதுதான் இழப்பாகத் தெரிகின்றன. அவரைக் கண்ணிமைக்காமல் காத்துவந்த தாயோ மனைவியோ தம் பொறுப்பு என்னவென்று அறியாமல் திகைக்கின்றனர்.

இந்த அழுத்தத்திற்குத் தமிழ்ச் சூழலில் சட்டமும் ஒரு காலத்தில் துணைநின்றது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், தொடர்ந்து வரும் மனநோயோடு வலிப்பையும் சேர்த்து, அதனைத் திருமணத்திற்குத் தடையாக இந்துத் திருமணச் சட்டம் ஏற்றது; இந்திய வலிப்புக் கழகம் முதலியோரின் நெடிய முயற்சிக்குப் பின் 1999இல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து நீங்கியது பெண் பார்க்கும் கூடத்திலிருந்து நீங்கிவிடவில்லை. அறுவை முடிந்தவுடன் நோய் போய்விட்டது என்று கூறி அவசரமாக வரன் தேடுவதும், தலைத் தழும்பை முடியால் மறைப்பதும், தொடர்ந்து உண்ண வேண்டிய மாத்திரையைப் புகுந்த வீட்டில் ஒளித்துவைப்பதும், ஒளித்துவைக்க முடியாமல் நிறுத்திவிடுவதும் இதன் தொடர்ச்சிகளே; மாத்திரையைத் திடீரென நிறுத்துவது நின்ற வலிப்பையே மீண்டும் அழைத்துவரும்.

போச்சம்பள்ளிப் பகுதியின் வாழ்க்கை மாற்றம் இக்கேள்விகளை மேலும் கூர்மையாக்குகிறது. உழவும் கால்நடையும் சந்தை வணிகமுமாக இருந்த காலத்தில் ஒருவரின் மறதியைக் கூட்டுக் குடும்பம் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது; விதைப்பு எப்போது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை மற்றொருவர் நினைவில் வைத்துக்கொள்வார். தொழிற்சாலை வேலை தனிமனிதரின் நினைவையும் வேகத்தையும் அளக்கிறது: வரிசையாகச் செய்ய வேண்டிய செயல்முறை, மாறிக்கொண்டே இருக்கும் உத்தரவுகள், இரவு ஷிப்ட். தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டக்கூடியது என்பதால், அறுவைக்குப் பின்னும் இரவுப்பணி ஆபத்தானதே. ஓட்டுநர் உரிமம் கோரும் படிவத்தில் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருப்பதால், ஓட்டுநர் வேலையை நம்பியிருந்தவர் வேறு தொழில் தேட வேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் வலிப்பு தனி வகையாக இல்லாததால், வெளியில் தெரியாத இந்த இழப்புக்குச் சான்றிதழ் பெறுவதும் எளிதன்று.

இங்கே செய்ய வேண்டியது பெரும் செலவு பிடிப்பதன்று. வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனிக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்டதே இம்மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. நகரத்து மையம் அறுவைக்கு முன் எடுத்த நினைவுச் சோதனையின் முடிவைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி நோயாளியின் கையில் கொடுத்தால், மாவட்ட மருத்துவமனையின் மனநல மருத்துவர் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் ஓராண்டிலும் மனநிலையைக் கேட்டறிந்தால், வீடு தேடி வரும் செவிலியர் மாத்திரை தொடர்கிறதா என்பதோடு தூக்கமும் அழுகையும் எப்படி என்று கேட்டால், தொழிற்சாலை மருத்துவர் எழுத்தில் தரும் உத்தரவையும் பகல் ஷிப்டையும் பரிந்துரைத்தால், இன்று குடும்பம் தனியே சுமக்கும் பாரத்தின் பெரும்பகுதி இறங்கிவிடும். குறிப்பேட்டில் எழுதிவைப்பது, கைப்பேசியில் நினைவூட்டல் வைப்பது, ஒரு பொருளை எப்போதும் ஒரே இடத்தில் வைப்பது போன்ற பழக்கங்களை அறுவைக்கு முன்பே, நினைவு நன்றாக இருக்கும்போதே, கற்றுக்கொடுப்பது பின்னர் கற்பதைவிட எளிது.

வேலூரில் முதல் அறுவை நடந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தத் தலைமுறை, உயிருக்கு ஆபத்தில்லாமல் மூளையைத் திறந்து வலிப்பை நிறுத்த முடியும் என்று காட்டியது. அடுத்த தலைமுறை, யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது என்பதைப் படங்களாலும் சோதனைகளாலும் வகுத்தது. வலிப்பு நின்ற மனிதர் தம் ஊரில், தம் மொழியில், தம் தொழிலில் மதிப்போடு வாழ்கிறாரா என்பதைச் சிகிச்சையின் வெற்றிக்கு அளவுகோலாக ஏற்பது இத்தலைமுறையின் பொறுப்பு. வலிப்பு எத்தனை முறை வந்தது என்று எழுதும் கட்டத்திற்குப் பக்கத்திலேயே, நினைவு எப்படி, மனம் எப்படி, வேலை எப்படி என்ற மூன்று கட்டங்களும் மருத்துவக் குறிப்பில் இடம்பெறும் நாளில்தான், சாண்டியும் ராமமூர்த்தியும் தொடங்கிய பணி முழுமை அடைந்தது என்று கூற முடியும்.